வெய்யிலுக்கு ஏற்ற துணி: கண்டித் தறிகளைத் தேடிப்போன ஆனந்த குமாரசுவாமி

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் பெண்பிள்ளைகள் தைத்து அனுப்பும் உடுப்புகளில் பின்னல் துணியாலான கையில்லாத மெல்லிய மேற்சட்டைகளும் உண்டு. ஐரோப்பாவில் கோடை தொடங்குமுன் அவை அங்குள்ள கடைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். வருடத்தில் மூன்று மாதம் வெய்யில் காணும் நாடுகளுக்கான உடுப்பை, வருடம் முழுக்க வெய்யில் எரிக்கும் ஊர்களில் இருந்து தைத்துக்கொடுக்கிறோம். அப்படியானால் எங்கள் வெய்யிலுக்கு நாங்கள் என்ன உடுத்தோம்? அந்தப் பஞ்சை யார் நூற்றார்கள், யார் நெய்தார்கள், அந்தத் தறிகள் எங்கே போயின?

இந்தக் கேள்வியை ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்னர் கண்டியில் இருந்தபடி ஒருவர் கேட்டார். அவர் நெசவாளர் அல்லர், தையற்காரரும் அல்லர். கல் ஆராய வந்தவர். மானிப்பாயில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பமொன்றின் பிள்ளை. ஆனந்த குமாரசுவாமி என்றால் சிவ நடனத்தைப் பற்றி எழுதியவர், பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தவர் என்பதுவரை பெரும்பாலானோருக்குத் தெரியும். அவருடைய வாழ்வைத் திருப்பிவிட்டது கண்டி மலைகளில் அவர் கண்ட பழந்துணிகளும் கைவினைஞர்களும்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தகப்பனார் சேர் முத்து குமாரசுவாமி. சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் இருந்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவர். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். 1874இல் சேர் பட்டம் கிடைத்தது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள், ஆனந்தனுக்கு மச்சான்மார். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். 1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் ஆனந்தன் பிறந்தார். 1879இல் தாயும் பிள்ளையும் இங்கிலாந்து போயினர். பின்னால் போகவிருந்த தகப்பனார் அந்த வருடம் மே மாதமே கொழும்பில் காலமானார். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை தகப்பனில்லாமல், தகப்பனின் ஊரில்லாமல் வளர்ந்தது.

குளொஸ்டஷயரில் விக்ளிப் கல்லூரி, பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் முதல் வகுப்பில் தேறினார். அதே வருடம் இலங்கையின் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 1902இல் எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணை மணந்தார். எதெல் டெவன் பகுதியின் பார்ன்ஸ்டபிள் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகள், ஆனந்தனை விட ஐந்து வயது மூத்தவர். இந்தக் கதையில் அவருக்கு உள்ள இடம் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1903இல் இலங்கைக் கனிம அளவையின் பணிப்பாளராக ஆனந்தன் பொறுப்பேற்றார். வயது 26. அந்த வருடமே கண்டிக்கு அருகே அம்பகோட்டைப் பகுதியில் எடுத்த கல்லில் இருந்து புதிய கனிமம் ஒன்றை அவரும் பிரயர் என்ற ஆங்கிலேய அறிஞரும் விவரித்து வெளியிட்டார்கள். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் என்பதை வைத்து அதற்கு செரண்டிபைற் என்று பெயரிட்டனர். அடுத்த வருடம் தோரியனைற் என்ற கதிரியக்கக் கனிமம் அறிவியலுக்குத் தெரியவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இந்த வழியிலேயே போயிருந்தால் பெரிய விஞ்ஞானியாக முடிந்திருப்பார்.

அம்பகோட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது செய்திகளில் அடிபட்ட திகனைக்குப் பக்கத்தில். கண்டியில் இருந்து கிழக்கே விரியும் தும்பறைப் பள்ளத்தாக்கு அது. அவர் கல் எடுத்த அதே பள்ளத்தாக்குத்தான் கண்டி இராச்சியத்தின் நெசவுக்கும் பாய்க்கும் பேர்போனது. கனிம அளவை என்பது மேசை வேலை அல்ல. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய், கிராமத்து மடங்களிலும் கூடாரங்களிலும் தங்கி, ஆற்று மணலை அரித்துப் பார்க்கும் வேலை. அப்படிப் போகிறவர் கல்லை மட்டும் பார்க்கலாம். இவர் தங்கிய இடத்து ஆட்களையும் பார்த்தார். விகாரைச் சுவர் ஓவியம், கதவு நிலைச் சிற்பம், வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, யன்னற் கம்பி, பழந்துணி. எல்லாவற்றையும் கேட்டார், அளந்தார், வரைந்தார். எதெல் கூடவே போனார். படம் பிடித்தது எதெல். பயணக் குறிப்பு எழுதியதும் எதெல்.

தும்பறையின் மேல்பகுதியில் தலகுனே என்றொரு கிராமம். கண்டியில் இருந்து மகியங்கனைப் பக்கம் மலையேறும் பாதையில், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815இல் பிடிபட்ட மெதமகாநுவரவையும் தாண்டிப் போகவேண்டும். குமாரசுவாமி தம்பதியர் கண்ட காலத்தில், உள்ளூர்ப் பஞ்சில் நூல் நூற்றுக் கைத்தறியில் நெய்யும் மரபு எஞ்சியிருந்த மிகச்சில இடங்களில் அது ஒன்று. நெய்தவர்கள் பெரவா என்ற சமூகத்தினர். கோயில் மேளம் அவர்களுடைய பரம்பரைத் தொழில். கண்டிப் பகுதியில் சாதாரண பருத்தித் துணி நெய்வதும் அவர்கள் கையில் இருந்தது. மேளத்துக்கும் தறிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இரண்டும் நிலத்துக்குப் பதிலாகச் செய்த ஊழியங்கள் என்பதுதான் தொடர்பு.

வேலை சேனைக் காட்டில் தொடங்கும். காடு வெட்டி எரித்த புனத்தில் குரக்கனோடு பருத்தியும் போடுவார்கள். பஞ்சைப் பறித்து, இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டுக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்துப் பதமாக்கி, இராட்டையில் நூற்பார்கள். பாவு நூலைக் கட்டி இழுத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகு தறிக்குப் போகும். தறி என்றால் குழித்தறி. நிலத்தில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை அழுத்தி, நாடாவைக் கையால் எறிந்து நெய்ய வேண்டும். வெள்ளை நிலத்தில் சிவப்பும் நீலமுமாகப் பூவும் அன்னமும் கொடியும் விழும். அந்த உருவங்கள் பிறகு தைத்தவை அல்ல, அச்சடித்தவையும் அல்ல. நெய்யும்போதே விரலால் தனி நூலைச் செருகிச் செருகி எழுப்பியவை. ஒரு சாண் துணிக்கே நிறைய நேரம் பிடிக்கும்.

தறியில் இருந்து வந்தவற்றின் பெயர்களை அவர் விடாமல் எழுதிவைத்தார். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் துப்பொட்டி, குளிக்கும்போது கட்டும் தியகச்சி, படுக்கை விரிப்பான எதிரில்ல, வாய் துடைக்கும் சிறு துண்டு. பாவட என்றும் ஒன்று. பெரியவர்கள் நடந்துவரும்போது நிலத்தில் விரிக்கும் சீலை அது. தமிழிலும் பாவாடை விரித்தல் என்று அதே பொருளில் பழைய வழக்கு இருக்கிறது. தியகச்சியில் உள்ள கச்சும் எங்களுக்கு அந்நியமில்லை. துணியோடு சொல்லும் மலை ஏறியிருக்கிறது.

சாயத்தின் கதையும் அப்படித்தான். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குப் பதிமுகக் கட்டையும் சாயவேரும். இந்தத் தீவில் நல்ல சாயவேர் விளைந்தது மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் தீவுகளிலுமான மணற்பாங்கான நிலத்தில். ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேரைக் கிண்டுவது அரசாங்கத்தின் தனியுரிமை. அதற்கென ஒரு சமூகத்தையே கட்டாய ஊழியத்தில் வைத்திருந்தார்கள். ஆழ ஓடும் மெல்லிய வேர் அது. வெய்யிலில் குனிந்து நின்று கிண்டவேண்டும். அழகான சிவப்புச் சீலையைப் பார்க்கும்போது அந்த முதுகுகளையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இப்படி நெய்த துணி ஏன் வெய்யிலுக்கு ஒத்துவந்தது? கையால் நூற்ற நூல் ஒரே சீராக இருக்காது. சில இடம் தடிப்பு, சில இடம் மெலிவு. அதனால் இழைகள் நெருங்கி அடைபடாமல் நடுவே காற்றுப் போக இடம் இருக்கும். முறுக்குக் குறைவென்றால் வியர்வையை நன்றாக உறிஞ்சும், சீக்கிரம் காயும். தோய்க்கத் தோய்க்க மெதுமையாகும். இன்றைய பின்னல் துணியில் இதே வேலையைக் கண்ணிகள் செய்கின்றன. ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு ஓட்டை. பெனியன் உடம்போடு ஒட்டியிருந்தும் புழுங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். பெனியன் என்ற சொல்லே இந்தியாவின் வாணியரில் இருந்து வந்தது. அவர்கள் போட்டிருந்த தளர்ந்த பருத்தி மேலங்கியைப் பார்த்து வெள்ளைக்காரர் தங்களுக்கும் தைத்துக்கொண்டு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அது உள்சட்டைக்குப் பெயராகி எங்களிடமே திரும்பிவந்தது.

தலகுனேத் தறிக்கு எதிராக வந்த துணி லங்காஷயர் ஆலைத் துணி. மலிவு, மழமழப்பு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென நெய்த மலிவுத் துணிகளில் மாவும் வெண்களிமண்ணும் ஏற்றி எடை கூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. இரண்டு தோய்ச்சலில் களி கரைந்து துணி சல்லடையாகும். அப்படியிருந்தும் மக்கள் அதைத்தான் வாங்கினார்கள். காசு அவ்வளவுதான் இருந்தது.

மலிவு மட்டும் தறியைக் கொல்லவில்லை. 1815க்கு முன்னர் கண்டியில் நெசவாளிக்கும் கொல்லனுக்கும் ஓவியனுக்கும் ஊழியத்துக்காக நிலம் இருந்தது. வயல் சோறு போட்டது. ஆகவே ஒரு சீலையில் மாதக்கணக்காக உட்கார முடிந்தது. 1830களில் இராஜகாரிய முறையை ஆங்கிலேயர் நீக்கினார்கள். அடிமை ஊழியம் ஒழிந்தது நல்லதுதான், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வேலை கொடுத்த அரண்மனையும் இல்லாமற்போய், அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. 1840இல் தரிசு நிலச் சட்டம். உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியதாகி, கோப்பித் தோட்டத்துக்கு விற்கப்பட்டன. சேனை போனால் பருத்தியும் போகும். பருத்தி போனால் இராட்டை எதற்கு? காணிக்கு உறுதி காட்டச் சொல்லி அலைக்கழிக்கப்பட்ட எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு தொழில் அழிவதை அந்தத் தொழிலுக்குள் மட்டும் தேடினால் அகப்படாது. காணிக் கச்சேரியிலும் தேடவேண்டும். குமாரசுவாமியின் பெருநூல் துணியையும் சிற்பத்தையும் விவரிப்பதோடு நில்லாமல் கைவினைஞரின் நிலமானியம், ஊழியம், சமூகப் படிநிலை ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதை நான் அதன் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

1905 அவருக்குத் திருப்புமுனையான வருடம். கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய விகாரைகளையும் வளவுகளையும் இடித்துத் தகரக் கூரை போடுவதை நிறுத்துங்கள், கைவினைஞருக்கு வேலை கொடுங்கள் என்பது அதன் சாரம். அதே வருடம் இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறு பிரசுரம் கண்டியில் அச்சானது. இந்த நாட்டுச் சூட்டுக்கும் உடம்புக்கும் பொருந்தாத ஐரோப்பிய உடையை அணிந்த தாயையும் பிள்ளையையும் பயணமொன்றில் கண்டது அவரை உலுக்கியிருந்தது. இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவரானார். ஐரோப்பியப் பழக்கங்களை யோசியாமல் பின்பற்றுவதைத் தடுப்பது, சுதேச உடையையும் கலையையும் காப்பது, பாடசாலைகளில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடம் கேட்பது என்று சங்கம் வேலை செய்தது. 1906இல் சங்கத்தின் சஞ்சிகை வந்தது. பழைய சிங்களத் தையல் வேலைப்பாடு பற்றி அதில் எதெல் எழுதினார்.

உடை விடயத்தில் அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். ஏப்ரல் மாதக் கொழும்பில் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி வழக்காடுவது இன்றைக்கும் கேலிக்கூத்துத்தான். மிஷன் பாடசாலைகளில் எங்கள் பெண்பிள்ளைகள் கம்பளி நூலில் ஊசி போட்டுப் பின்னக் கற்றார்கள். யாழ்ப்பாணத்தில் கம்பளிச் சட்டையை எந்த மாதத்தில் போடுவது?

மற்றப் பாதியை ஒப்புக்கொள்வது கஷ்டம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எல்லாரும் வெய்யிலை மட்டும் பார்த்து உடுத்தவில்லை. கண்டி இராச்சியத்தில் ரொடியா சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கலாமா என்பதைச் சாதி தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் சட்டை போடுவதற்கு இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. அந்தப் பெண்களுக்கு மிஷன் பாடசாலையில் தைத்த சட்டை இரவல் இறகாகவா இருந்திருக்கும்? வெய்யில் காலத்தில் மெல்லிய கையில்லாச் சட்டையைத் தெரிவுசெய்வது வேறு. சட்டையே கூடாது என்று மற்றவன் தீர்மானிப்பது வேறு. குமாரசுவாமி மரபைப் பார்த்த உயரத்தில் இருந்து இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. சாதியைக் கைவினையின் பாதுகாப்பு அரணாகவே அவர் கடைசிவரை எழுதினார். அதற்கு அவரை மன்னிக்கவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.

அவருடைய நூலின் பொருளுக்கு வெளியே நின்ற இன்னொரு கூட்டமும் அதே மலைகளில் இருந்தது. கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட தோட்டத் தமிழர். அவர்களுக்குக் கிடைத்த உடையில் முக்கியமானது கம்பளி. மலைக் குளிருக்கும் மழைக்கும் தலையில் போட்டு முதுகை மூடிக்கொள்ளும் கரடுமுரடான போர்வை. அது இலவசம் அல்ல. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கண்டியின் துணி வரலாற்றை யாராவது முழுமையாக எழுதினால், பெரவாத் தறிக்குப் பக்கத்தில் அந்தக் கம்பளிக்கும் ஒரு அத்தியாயம் வேண்டும்.

1906இல் கனிம அளவை வேலையை அவர் முடித்துக்கொண்டார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அதே வருடம் கிடைத்தது. 1907இல் தம்பதியர் இங்கிலாந்து திரும்பினர். குளொஸ்டஷயரின் பிரோட் கம்ப்டனில் பழைய நோர்மன் சிற்றாலயம் ஒன்றை வீடாக்கிக் குடியேறினார்கள். வில்லியம் மொறிஸ் தன் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் வைத்திருந்த கை அச்சுப்பொறி அப்போது அஷ்பீ என்பவரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தில் இருந்தது. அந்த அச்சகத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, 1907 செப்டெம்பரில் இருந்து 1908 டிசெம்பர் வரை பக்கம் பக்கமாகக் கையால் அச்சிட்டு, மத்தியகாலச் சிங்களக் கலை என்ற நூலை வெளியிட்டார். 425 பிரதிகள். கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். அதன் விலையில் அதை வாங்கக்கூடியவர் தலகுனேயில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு தமிழர் ஏன் சிங்களக் கலையை எழுதினார் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேள்வி எங்கள் காலத்துக்குரியது. அவருக்குக் கண்டி வேறொருவரின் ஊராகத் தோன்றவில்லை. கண்டியின் கடைசி அரச வம்சம் தென்னிந்திய நாயக்கர். பத்தினித் தெய்வத்துக்கும் கதிர்காமத்துக் கந்தனுக்கும் தலதா மாளிகையைச் சூழத் தேவாலயங்கள் உண்டு. தறியில் விழும் அன்னப்பறவை எந்தக் கடலையும் மதிக்காமல் இரண்டு பக்கமும் பறந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் ஒரே பெரிய மரபின் கிளைகளாகவே பார்த்தார். பின்னாளில் அவருடைய எழுத்தைச் சிங்களத் தேசியவாதிகள் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். தமிழர்கள் அவரை நடராஜரோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டும் பாதிப் படம்.

நூலின் முகப்பில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் மட்டும் இருக்கிறது. தையலையும் நெசவையும் அருகில் இருந்து ஆராய்ந்து, படமெடுத்த எதெலின் பெயர் அங்கே இல்லை. 1910 அளவில் இருவரும் பிரிந்தனர். ஆனந்தன் அலிஸ் றிச்சர்ட்சன் என்ற பாடகியோடு வாழத் தொடங்கியிருந்தார். எதெல் 40 வயதை நெருங்கும்போது தனியாகத் தறி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார். 1913இல் பிலிப் மெய்ரே என்பவரை மணந்து எதெல் மெய்ரே ஆனார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றிய அவருடைய நூல் வந்தது. அவுரி, மஞ்சள், வேர், பட்டை என்று எதை எவ்வளவு, எந்தக் காரத்தோடு காய்ச்சுவது என்று கணக்காகச் சொல்லும் நூல். முதல் உலகப்போருக்குப் பிறகு சசெக்ஸ் பகுதியின் டிச்லிங் கிராமத்தில் அவர் அமைத்த நெசவுப் பட்டறைக்குப் பல நாடுகளில் இருந்து மாணவர்கள் வந்தனர். இங்கிலாந்தின் இருபதாம் நூற்றாண்டுக் கைத்தறிக்குத் தாய் என்று சொல்லத்தக்கவர் அவர். கைத்தொழில் வடிவமைப்பாளருக்கான அந்நாட்டின் உயர்ந்த கௌரவத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1952இல் காலமானார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நெருடுகிறது. கண்டி மலையில் கேட்டும் பார்த்தும் சேர்த்த அறிவு, ஒரு பக்கம் 425 பிரதிகளாயிற்று. மறுபக்கம் ஆங்கிலக் கிராமமொன்றில் தறியாகி உயிர்பெற்றது. தலகுனேயில் தறிகள் குறைந்துகொண்டே போயின. எதெல் களவெடுத்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் படித்தார், கையால் செய்தார், மற்றவர்களுக்கும் படிப்பித்தார். அவரிடம் தறி வாங்கக் காசு இருந்தது, துணியை வாங்க ஆட்கள் இருந்தார்கள், பட்டறை போட நிலம் இருந்தது. தலகுனே நெசவாளியிடம் கைவேலை இருந்தது. மற்ற மூன்றும் இருக்கவில்லை.

ஆனந்தனின் மிச்ச வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1909இல் இந்தியக் கைவினைஞன் பற்றிய நூல். பிறகு சுதேசி இயக்கத்தைப் பற்றிய கட்டுரைகள். மஞ்செஸ்டர் துணியைப் பகிஷ்கரித்துவிட்டு அதே மாதிரியான துணியை பம்பாய் ஆலையில் அடிப்பதில் என்ன சுதேசி இருக்கிறது என்பது அவருடைய வாதம். காந்தியின் இராட்டை இந்தியாவில் பேச்சாவதற்குச் சில வருடங்கள் முந்திய வாதம் அது. தான் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் இந்தியாவுக்குக் கொடுக்க முன்வந்தார். வைத்துக் காக்க அருங்காட்சியகம் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. 1917இல் அவை பொஸ்டன் போயின, அவரும் போனார். முப்பது வருடம் அங்கேயே இருந்தார். 1918இல் சிவ நடனம் வந்தது. வயது போகப்போகத் தத்துவமும் சமயமுமே அவருடைய எழுத்தாயின. ஆனாலும் பயன்படாத அழகு அழகே அல்ல என்றும், அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளில் பெரும்பாலானது ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் அன்றாடப் பாவனைக்குச் செய்யப்பட்டது என்றும் அவர் திரும்பத் திரும்ப வாதித்ததில் தும்பறையின் சாயல் இருக்கிறது.

1947 ஓகஸ்ட் 22இல் அவருக்கு 70 வயது. இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வாரம். செப்டெம்பர் 9இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் என்ற ஊரில், தன் வீட்டில் காலமானார். இலங்கை சுதந்திரம் பெற்றதையும், அதன் பிறகு நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. கொழும்பில் பழைய கிறீன் பாத் வீதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வீதியோரம் ஓவியர்கள் படங்களைச் சாய்த்துவைத்து விற்பது வழக்கம்.

1981இல் யாழ் நூலகம் எரிந்ததையும், பிறகு இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வாகத் தறியும் தையல் மெஷினும் ஏடும் படமும் விட்டுவிட்டு ஓடியதையும் கண்ட எங்களுக்கு, அந்த 26 வயது ஆளின் வேலை முறை இன்றும் உபயோகமானது. தொழில் தெரிந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் இருந்து கேட்டார். கருவியின் பெயரை அந்த ஊர்ச் சொல்லிலேயே எழுதினார். துணியை விரித்து அளந்தார். யார் கூலி கொடுத்தார், எந்தக் காணியில் பருத்தி நின்றது என்றும் கேட்டார். கல்வியங்காட்டுச் செங்குந்தரின் தறிகளைப் பற்றியும், சாயவேர் கிண்டியவர்களைப் பற்றியும், முகாமில் சாக்கு நூலைப் பிரித்துப் பின்னிக் கொடுத்த பெண்களைப் பற்றியும் அப்படி எழுதக்கூடிய சாட்சிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

தும்பறையில் ஹெனவெல என்ற ஊர் இருக்கிறது. கற்றாழை இன நாரில், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக யானையும் மானும் நெய்து பாய் செய்யும் குடும்பங்கள் அங்கே. அந்தப் பாய் நெசவை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தலகுனேயிலும் சில குடும்பங்கள் தறியை விடவில்லை. நூல் இப்போது கடையில் வாங்குவது. சேனையில் பருத்தி இல்லை. அன்னப்பறவை மட்டும் பழையபடி சிவப்பிலும் நீலத்திலும், விரலால் செருகிய நூலில் விழுகிறது.